பட்ஜெட் போட்டும் துண்டு விழுகிறதா? வீட்டுச் செலவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செலவைக் குறைக்கணும் என்று ஒரு வீட்டில் முடிவெடுத்த உடனே முதலில் வெட்டுப்படுவது எது என்று பாருங்கள். வெளியே குடிக்கிற காபி, பிள்ளைகள் கேட்கும் சின்னச் சின்னப் பொருள், மாதத்தில் ஒரு நாள் குடும்பத்தோடு எங்காவது போய் வருவது. இதெல்லாம் கண்ணில் படுகிற செலவு, தினமும் கையிலிருந்து போகிற பணம், அதனால் அதுதான் குற்றவாளி மாதிரி தெரியும். வாடகை, கடன் தவணை, இன்சூரன்ஸ், போன், இன்டர்நெட், யாரும் பார்க்காத ஏதோ ஒரு சேனலுக்கான சந்தா இவையெல்லாம் தானாகவே கணக்கிலிருந்து போய்விடுவதால் அவற்றைச் செலவாகவே நாம் நினைப்பதில்லை. நான் பார்த்தவரை பட்ஜெட் தோற்றுப்போகும் வீடுகளில் முக்கால்வாசி இந்த இடத்தில்தான் தோற்கிறது. தினமும் பத்துத் தடவை மனதை அடக்கி மிச்சம் பிடிக்கிற பணத்தை, ஒரு நாள் மதியம் உட்கார்ந்து, தேவையில்லாத ஒரு சந்தாவை நிறுத்தி, போன் பிளானைச் சின்னதாக மாற்றி, இன்சூரன்ஸைப் புதுப்பிக்கும் முன் இரண்டு மூன்று நிறுவனங்களில் விலை கேட்டுப் பார்த்தாலே மிச்சம் பிடித்துவிடலாம். அதை ஒரு தடவை செய்தால் போதும், அப்புறம் மாதாமாதம் அதுவாகவே மிச்சமாகும். மனதை அடக்குவதோ நாளைக்கும் செய்யணும், நாளை மறுநாளும் செய்யணும். எத்தனை நாள் தாங்கும்?

அடுத்தது சாப்பாட்டில் கை வைப்பது. எர்ன்ஸ்ட் ஏங்கல் என்ற ஜெர்மன் புள்ளியியலாளர் குடும்பங்களின் வரவு செலவுக் கணக்குகளை ஆராய்ந்து 1857-லேயே ஒரு விஷயத்தைச் சொன்னார். வருமானம் குறையக் குறைய அதில் சாப்பாட்டுக்குப் போகும் பங்கு கூடிக்கொண்டே போகும் என்பதுதான் அது. இன்றைக்கும் அது அப்படியே பொருந்துகிறது. பணம் இறுக்கமாக இருக்கிற வீட்டில் பெரிய செலவாகத் தெரிவது மளிகையும் காய்கறியும்தான், அதனால் அங்கேயே வெட்டத் தோன்றும். ஆனால் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி மிச்சம் பிடிப்பதற்கும் வீணாவதைக் குறைப்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. வாங்கி வைத்து அழுகிப்போய்த் தூக்கிப் போடுவது, ஃப்ரிட்ஜில் பின்னால் தள்ளி மறந்துபோனது, சமைக்க அலுப்பாக இருந்ததால் வெளியே வாங்கியது, இந்த மூன்றையும் பிடித்தால் யாருடைய தட்டிலும் குறைய வேண்டியதில்லை. கடைக்குப் போகும் முன் வீட்டில் என்ன இருக்கிறது என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, இருப்பதை வைத்து இந்த வாரம் என்ன சமைக்கலாம் என்று யோசித்து, அதற்கு எது குறைகிறதோ அதை மட்டும் எழுதிக்கொண்டு போங்கள்.

பட்ஜெட்டை மனக்கணக்கில் போடுவது இன்னொரு தவறு. "மளிகைக்கு இவ்வளவு, பஸ்ஸுக்கு இவ்வளவு" என்று நாமாக ஒரு தொகையைப் போட்டுக்கொள்வோம். அது நாம் ஆசைப்படுகிற செலவு. நிஜமாக ஆகிற செலவு வேறு. முதல் மாதம் எதையும் குறைக்காதீர்கள், எழுத மட்டும் செய்யுங்கள். நோட்டோ போனோ எதிலானாலும் சரி, செலவான அன்றைக்கே எழுதிவிடணும். மாசக் கடைசியில் அந்தப் பட்டியலைப் பார்க்கும்போது எங்கே கை வைக்கணும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது. இதிலேயே ஒரு கணக்குப் பிழை நிறையப் பேருக்கு வரும். வாரச் செலவை நாலால் பெருக்கி மாதச் செலவு என்று எழுதுவார்கள். வருஷத்துக்கு 52 வாரம், நாலு நாலாக 12 மாதம் போட்டால் 48 தான் வரும். மீதி நாலு வாரம் பட்ஜெட்டிலேயே இல்லை, ஆனால் அந்த நாலு வாரமும் வீட்டில் அடுப்பு எரியத்தான் போகிறது. அதனால் வாரச் செலவை 4.33-ஆல் பெருக்குங்கள்.

இதைவிடப் பெரிய ஓட்டை, வருஷத்துக்கு ஒரு முறையோ இரண்டு முறையோ வரும் செலவு. பள்ளிக் கட்டணம், இன்சூரன்ஸ் பிரீமியம், வண்டி சர்வீஸ், வரி, நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம், பிள்ளைகளுக்குச் செருப்பு, பை. ஒவ்வொரு தடவையும் "எதிர்பாராம வந்துடுச்சு" என்று சொல்லி யாரிடமாவது கைமாற்று வாங்குவோம். பள்ளிக் கட்டணம் எந்த மாதம் வரும் என்று போன வருஷமே தெரியுமே, அதில் எதிர்பாராதது என்ன இருக்கிறது? ஒரு தாளில் 12 மாதத்தையும் எழுதி, எந்த மாதம் எது வரும் என்று போன வருஷ ரசீதுகளைப் பார்த்து நிரப்புங்கள். மொத்தம் 36,000 வருகிறது என்று வைத்துக்கொள்வோம், 12-ஆல் வகுத்தால் மாதம் 3,000. அந்த 3,000-தான் இத்தனை நாள் "சம்பளம் போதவில்லை" என்று நமக்குத் தோன்றியதன் காரணமாக இருக்கும், ஏனென்றால் சாதாரண மாதங்களில் அந்தப் பணத்தை மிச்சம் என்று நினைத்துச் செலவு பண்ணிக்கொண்டிருந்தோம். அதைத் தனியாக எடுத்து வைத்த பிறகு கையில் இருப்பது எவ்வளவோ, அதுதான் நிஜமான மாத வருமானம். அந்தத் தொகையைப் பார்க்கக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் தெரிந்துகொள்வது நல்லது.

கரண்ட் பில் விஷயத்தில் நாம் சிக்கனம் பிடிப்பது பெரும்பாலும் தப்பான இடத்தில். பிள்ளை லைட்டை அணைக்காமல் போய்விட்டது என்று வீடே அதிரக் கத்துவோம், போன் சார்ஜரைப் பிடுங்கி வைப்போம். இப்போது ஒரு கணக்கைப் பாருங்கள். 20 லிட்டர் தண்ணீரை 30 டிகிரி சூடாக்க ஏறக்குறைய 0.7 யூனிட் மின்சாரம் வேண்டும். சுருள் கம்பியால் சூடாக்குகிற சாதாரண ஹீட்டர் எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் இதற்குக் கீழே இறங்காது, அது தண்ணீரின் இயல்பு. அதே 0.7 யூனிட்டில் 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்று 77 மணி நேரம் எரியும், அதாவது மூன்று நாளுக்கும் மேல். லைட்டை அணைக்கும் பழக்கம் நல்லதுதான், விட வேண்டாம். ஆனால் நாலு பேர் குளிக்கிற வீட்டில் பில்லை ஏற்றுவது ஹாலில் எரிகிற பல்பு இல்லை, குளியலறை ஹீட்டர். பொதுவாகவே சூடாக்குகிற சாதனமும் குளிராக்குகிற சாதனமும்தான் மின்சாரத்தைக் குடிக்கும். ஹீட்டர், ஏசி, இஸ்திரிப் பெட்டி, மின் அடுப்பு, பழைய ஃப்ரிட்ஜ். சாதனத்தின் பின்னால் ஒட்டியிருக்கும் வாட் அளவை, அது ஒரு நாளைக்கு ஓடும் மணி நேரத்தால் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் யூனிட் வந்துவிடும். ஏசி, ஃப்ரிட்ஜ் மாதிரி விட்டு விட்டு ஓடுகிறவற்றுக்கு இது சரியாக வராது, மற்றவற்றுக்குப் போதும். ஒரு மாலை நேரம் இந்தக் கணக்கைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து போட்டால் அப்புறம் கத்த வேண்டிய அவசியமே இருக்காது. இன்னும் பழைய 60 வாட் குண்டு பல்பு எங்காவது எரிந்துகொண்டிருந்தால் அதை மட்டும் உடனே மாற்றிவிடுங்கள், அதே வெளிச்சத்தை 9 வாட் எல்.இ.டி. தரும். தண்ணீருக்குக் காசு கட்டுகிறவர்கள் சொட்டுகிற குழாயையும் பாருங்கள், நொடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 20 லிட்டர் போகும்.

தள்ளுபடி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எல்லோருக்கும் தெரிந்ததுதான், இருந்தாலும் சில கணக்குகள். 50 சதவீதம் தள்ளுபடி, அதற்கு மேல் இன்னொரு 20 சதவீதம் என்றால் 70 இல்லை, 60 தான். மூன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்பது 25 சதவீதத் தள்ளுபடி, அதுவும் நாலையும் கெடாமல் தீர்த்தால்தான். பாக்கெட் விலை ஏறவில்லையே என்று சந்தோஷப்படும் முன் எடையைப் பாருங்கள், 500 கிராம் 450 கிராமாகியிருந்தால் விலை 11 சதவீதம் ஏறிவிட்டது என்று அர்த்தம். பெரிய பாக்கெட் என்றாலே மலிவு என்று நினைக்கவும் கூடாது, கிலோவுக்கு என்ன விலை வருகிறது என்று போட்டுப் பார்த்தால் சில நேரம் சின்னதுதான் மலிவாக இருக்கும். பணம் இறுக்கமாக இருக்கும்போது மொத்தமாக வாங்கிக் குவிப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு, கையில் இருக்கிற கொஞ்சப் பணமும் அலமாரியில் போய் உட்கார்ந்துகொள்ளும், இருபதாம் தேதி மருந்து வாங்கக் கடன் கேட்க வேண்டி வரும்.

கடனுக்கு வருவோம், இதில்தான் உண்மையான சேதம் நடக்கிறது. தவணை "கட்டுப்படியாகுது" என்று பார்த்தே கடன் வாங்குகிறோம், வட்டி எப்படிப் போடுகிறார்கள் என்று கேட்பதில்லை. 12,000 கடன், 10 சதவீத ஃபிளாட் வட்டி (அதாவது முதலில் வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசிவரை போடுகிற வட்டி), ஒரு வருஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டி 1,200, ஆக மாதம் 1,100 கட்டணும். பார்க்க 10 சதவீதம்தான். ஆனால் மாதாமாதம் அசலும் குறைந்துகொண்டே வருகிறதே, கடைசி மாதம் நம் கையில் பாக்கி இருக்கும் கடன் ஆயிரம் சொச்சம்தான், அப்போதும் முழு 12,000-க்கான வட்டியைத்தான் கட்டுகிறோம். குறைகிற அசலுக்கு வட்டி போடும் முறையில் பார்த்தால் இது ஏறக்குறைய 18 சதவீத வட்டி. அதனால் "ஃபிளாட்டா, குறையும் அசலுக்கா" என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கிரெடிட் கார்டில் "குறைந்தபட்சத் தொகை" மட்டும் கட்டிவருவது அடுத்த பொறி. மாதம் 3 சதவீத வட்டி, குறைந்தபட்சம் 5 சதவீதம் கட்டணும் என்றால், 100 பாக்கிக்கு வட்டி சேர்ந்து 103 ஆகும், அதில் 5 சொச்சம் கட்டினால் 97.85. கட்டியது 5, கடனில் குறைந்ததோ 2 தான். புதிதாக ஒரு பொருள்கூட வாங்காமல் இப்படியே கட்டிக்கொண்டு வந்தாலும் கடன் பாதியாகவே 32 மாதம் ஆகும். மாதம் 3 என்பது காதில் விழும்போது சின்னதாகத் தெரியும், வட்டிக்கு வட்டி சேர்ந்து வருஷத்துக்கு 42 சதவீதத்துக்கு மேல் போகிறது. இப்படி ஒரு கடனை வைத்துக்கொண்டு இன்னொரு பக்கம் சொற்ப வட்டிக்குச் சேமிப்பில் பெரிய தொகையைப் போட்டு வைப்பதில் அர்த்தமே இல்லை, எடுத்து அடைத்துவிடுங்கள். முழுவதையும் துடைத்தெடுத்து அடைப்பதும் தப்பு. ஃப்ரிட்ஜோ வண்டியோ ரிப்பேரானால் சமாளிக்க ஒரு சின்னத் தொகை கையில் இல்லையென்றால் அடுத்த வாரமே அதே கார்டைத்தான் நீட்டுவோம். அந்தச் சின்னத் தொகை இருக்கட்டும், மிச்சமெல்லாம் அதிக வட்டி உள்ள கடனுக்கு முதலில் போகட்டும்.

வெட்டவே கூடாத சில செலவுகள் இருக்கின்றன. பிரஷர் மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டுக்கொண்டு மிச்சம் பிடிக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், மனது பதறும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மாத்திரைச் செலவு தாங்கவில்லை என்றால் டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல்லி, அதே மருந்து ஜெனரிக்கில், அதாவது பிரபலமான பிராண்டு பெயர் இல்லாமல், கிடைக்குமா என்று கேளுங்கள், மூலப்பொருள் ஒன்றுதான், பெரும்பாலும் விலை குறைவாக இருக்கும். பல் வலியைத் தள்ளிப்போடுவது, வண்டிக்கு ஆயில் மாற்றாமல் ஓட்டுவது, கூரை ஒழுகலை அடுத்த மழைக்குப் பார்த்துக்கலாம் என்று விடுவது, மருத்துவ இன்சூரன்ஸை நிறுத்துவது எல்லாம் இந்த வகைதான். இன்றைக்கு அடைத்தால் சின்னதாக முடிகிற பல்லுக்கு நாளைக்கு வேர் சிகிச்சை செய்ய வேண்டி வரும்.

எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிற ஒன்று, சிக்கனத்தின் சுமை வீட்டில் ஒரே ஒருவர் தலையில் விழுவது. பெரும்பாலும் அது அம்மாவாகத்தான் இருக்கும். எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சம் இருந்தால் சாப்பிடுவது, கண்ணாடி பவர் மாறி இரண்டு வருஷம் ஆகியும் பழையதையே போட்டுக்கொண்டு கண்ணைச் சுருக்கிப் படிப்பது, தனக்கு எதுவும் வேண்டாம் என்று சொல்லிப் பழகிவிடுவது. பட்ஜெட் நோட்டில் இது எங்கேயும் தெரியாது, ஆனால் வீட்டுக் கணக்கு சரியாக வருவதே சில வீடுகளில் இதனால்தான். வருமானம் எவ்வளவு, கடன் எவ்வளவு என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிய வேண்டும், விவரம் தெரிந்த பிள்ளைகளுக்கும் அவர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லலாம். அப்புறம் ஒவ்வொருவருக்கும், அம்மாவுக்கும் சேர்த்து, சின்னதாக ஒரு தொகை ஒதுக்கிவிடுங்கள், அதை என்ன செய்தாய் என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது. ஒரு சந்தோஷத்துக்கும் இடமில்லாமல் போடுகிற பட்ஜெட் மூன்றாவது மாதமே உடைந்துபோகும், உடையும்போது மிச்சம் பிடித்ததைவிட அதிகமாகச் செலவாகிவிடும்.

கடைசியாக, மிச்சம் பிடித்த பணத்தை அதே கணக்கில் விட்டுவைக்காதீர்கள். சந்தாவை நிறுத்தியாச்சு, பிளானை மாத்தியாச்சு, ஆனால் அந்தப் பணம் சம்பளக் கணக்கிலேயே கிடந்தால் ஏதோ ஒரு செலவில் கரைந்துவிடும், எங்கே போனது என்றே தெரியாது. எவ்வளவு குறைத்தீர்களோ அதே தொகையைச் சம்பளம் வந்த அன்றைக்கே வேறு கணக்குக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் அன்றைக்கே கடனுக்குக் கட்டிவிடுங்கள். வங்கியில் ஒரு தடவை சொல்லிவைத்தால் மாதாமாதம் தானாகவே மாறுகிற மாதிரியும் செய்துகொள்ளலாம்.