எடை அப்படியேதான் இருக்கு, சதை இருக்கா?

டயாலிசிஸ் யூனிட்டில் தராசை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். சில மாதத்தில் இரண்டு கிலோ சதை (தசை) கரைந்து அந்த இடத்தில் இரண்டு கிலோ நீர் சேர்ந்திருந்தால், சார்ட்டில் டிரை வெயிட் (கூடுதல் நீரை எடுத்த பிறகு இருக்க வேண்டிய எடை) 55 கிலோவாகவே நிற்கும். நோயாளிக்கோ பிரஷர் ஏறும், படுத்தால் மூச்சு வாங்கும்.

அதனால் எடையோடு கையையும் அளக்க வேண்டும். டயாலிசிஸ் முடிந்த பிறகு, ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போட அறுவை செய்து இணைத்த ரத்தக்குழாய்) இல்லாத கையில். முழங்கையை மடக்கச் சொல்லி, தோள்பட்டை எலும்பு நுனிக்கும் முழங்கை முனைக்கும் நடுவில் பேனாவால் குறி வையுங்கள். கையைத் தொங்கவிட்டு, டேப்பை இறுக்காமல் சுற்றி அளவெடுங்கள். அதே உயரத்தில் கையின் பின்பக்கத் தோல் மடிப்பைக் காலிப்பரால் (மடிப்பின் தடிமனை அளக்கும் இடுக்கி) மூன்று முறை அளந்து சராசரி போடுங்கள். விரலில் தோலும் கொழுப்பும் மட்டும் வரணும், சதை சிக்கினால் கணக்கு கெடும். சுற்றளவு 25 செ.மீ., மடிப்பு 1 செ.மீ. என்றால், 25-லிருந்து 3.14 மடங்கு மடிப்பைக் கழிக்க வேண்டும்: 21.9 செ.மீ. இதுதான் சதையின் சுற்றளவு. காலிப்பர் மில்லிமீட்டரில் காட்டும். அதை செ.மீ.-ஆக மாற்றாமல் போட்டுவிடுவது அடிக்கடி நடக்கிற தப்பு.

கைப்பிடி பலத்தையும் அதே கையில் பாருங்கள். மூன்று முறை அழுத்தச் சொல்லி அதிகமானதை எழுதுங்கள். ஆணுக்கு 28 கிலோ, பெண்ணுக்கு 18 கிலோவுக்குக் கீழே போனால் பலம் குறைவு என்பது ஆசியர்களுக்கான அளவுகோல்.

பயோஇம்பிடென்ஸ் மெஷின் (லேசான மின்சாரம் செலுத்தி உடம்பின் நீரையும் சதையையும் கணக்கிடுவது) இருந்தால், டயாலிசிஸ் முடிந்து அரை மணி நேரமாவது கழித்துப் போடுங்கள். உடனே போட்டால் நீர் இன்னும் இடம் மாறிக்கொண்டிருக்கும். ஷேர் ஆட்டோ பிடிக்கிற அவசரத்தில் பெரும்பாலும் இதுதான் விட்டுப்போகும். கொலுசைக் கழற்றி, வியர்வையைத் துடைத்து, ஃபிஸ்டுலா இல்லாத பக்கம் எலக்ட்ரோடை ஒட்டுங்கள். பேஸ்மேக்கர் வைத்தவருக்கு வேண்டாம்.

சாப்பாட்டு விசாரணைதான் கஷ்டம். "நல்லா சாப்புடுறீங்களா?" என்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள். "காலையில எத்தன இட்லிண்ணே? தொட்டுக்க என்ன?" என்று கேளுங்கள். டயாலிசிஸ் நாள், சாதாரண நாள், ஞாயிறு என்று மூன்று நாள் கணக்கு வேண்டும். ஞாயிறு மட்டும் கேட்டால் காசிமேடு, ராயபுரம் மாதிரி சென்னை கடலோரப் பகுதிக்காரர் எல்லோருமே மீன் சாப்பாட்டில் தேறிவிடுவார்கள். முதல் ஷிஃப்டுக்கு வருகிறவர் டயாலிசிஸ் நாளில் டீயும் பன்னும்தான் சாப்பிட்டிருப்பார்.

தேவை கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம். 55 கிலோ ஆளுக்கு 55 முதல் 66 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், 100 கிராம் மீனில் 20 கிராம் அளவுக்கு. கருவாட்டிலும் புரதம் உண்டு, ஆனால் உப்பு தாகத்தைக் கிளப்பி, அடுத்த முறை மூன்று கிலோ கூடி வருவார். டயாலிசிஸ் ஆரம்பிப்பதற்கு முந்தைய காலத்தில் சொன்ன "முட்டை, பருப்பு குறை" என்ற பத்தியத்தை இன்னும் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் நிறைய பேர். இதை முதலில் கேளுங்கள்.

அல்புமின் (ரத்தத்தில் உள்ள புரதம்) 3.8 கிராம்/டெ.லி.-க்குக் கீழே வந்ததும் புரத மாவு எழுதிக்கொடுக்கத் தோன்றும். பொறுங்கள். கதீட்டரில் (டயாலிசிஸுக்காகப் பெரிய ரத்தக்குழாயில் செருகிய குழாய்) தொற்று, சீழ் பிடித்த பல், உடம்பில் தேங்கிய நீர், இவையும் அதை இறக்கும். சிஆர்பி (அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பாருங்கள். டயாலிசிஸுக்கு முன் எடுக்கும் கிரியேட்டினின் (சதையிலிருந்து ரத்தத்தில் சேரும் கழிவு) மாதாமாதம் இறங்கி, கைச்சுற்றளவும் சுருங்கினால் அது நல்ல செய்தி இல்லை, சதை போகிறது. அன்றைக்கே டாக்டரிடம் சொல்லி டிரை வெயிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கச் சொல்லுங்கள்.