சோழமண்டலத்துக்கு ஒரு நாள்: நெல்லையிலிருந்து போகிறவர்கள் தவிர்க்க வேண்டியவை

கோடை லீவு நெருங்கினால் எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். பாளையங்கோட்டையில் ஓவிய வகுப்பு நடத்துகிறவன் என்பதால், புதிதாக வகுப்பு தொடங்கிய தம்பிமார்கள் கேட்பார்கள்: "அண்ணாச்சி, பிள்ளைகளைச் சோழமண்டலத்துக்குக் கூட்டிட்டுப் போறோம். பிளான் சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க." சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் கடலோரமாக ஓவியர்களும் சிற்பிகளும் சேர்ந்து உருவாக்கிய கலைக் கிராமம்தான் சோழமண்டலம். வாட்ஸப்பில் பிளானும் வரும். ஆரம்ப காலத்தில் நாங்கள் எல்லோரும் போட்ட அதே பிளான், அதே ஓட்டைகளோடு. தண்ணீர் பாட்டில், தொப்பி, காய்ச்சல் மாத்திரை எல்லாம் யாரும் மறப்பதில்லை, அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன். பணத்தையும் நாளையும் தின்கிற தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

வந்தே பாரத்தை நம்புவது

காலை 6 மணி வாக்கில் நெல்லையில் ஏறினால் மதியம் 2 மணியை ஒட்டி எழும்பூர். அதே வண்டி 3 மணிக்குள் திரும்பிவிடும். பிளாட்பாரத்தில் சாப்பிட மட்டும்தான் நேரம் இருக்கும்.

ஒரே நாளில் பார்த்துவிட்டு வர வேண்டுமென்றால் இரவு வண்டியில் போய் இரவு வண்டியில் திரும்புவதுதான் வழி. நெல்லை எக்ஸ்பிரஸ் அதற்கென்றே போட்ட மாதிரி இருக்கிறது. கிழமையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. சென்னையில் வேலை பார்க்கும் நம்ம ஊர்க்காரர்கள் வெள்ளி இரவு ஊருக்கு வந்து ஞாயிறு இரவு திரும்புகிறவர்கள். நாம் சனி இரவு போய் ஞாயிறு இரவு அங்கிருந்து ஏறினால் அந்தக் கூட்டத்துக்கு எதிர்த்திசையில் போகிறோம், படுக்கை கிடைக்க வாய்ப்பு அதிகம். 60 நாள் முன்னால் முன்பதிவு திறக்கும். இரண்டு டிக்கெட்டையும் சேர்த்தே போடுங்கள். போகிற டிக்கெட்டைப் போட்டுவிட்டு, வருகிறதை அப்புறம் பார்க்கலாம் என்று விட்டவர்கள் பிள்ளைகளோடு கோயம்பேட்டுக்கும் கிளாம்பாக்கத்துக்கும் அலைந்திருக்கிறார்கள்.

எழும்பூரில் போய் இறங்குவது

தாம்பரத்திலேயே இறங்குங்கள். மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாக அக்கரைக்கு வந்தால் கிழக்குக் கடற்கரைச் சாலை. அங்கிருந்து ஈஞ்சம்பாக்கம் பக்கம்தான். எழும்பூர் வரை போனால் நகரத்தின் குறுக்கே திரும்பத் தெற்கே வர வேண்டும்.

"போற வழிதானே" என்று அரை மணி நேரம் ஒதுக்குவது

இதைப் பற்றித்தான் எனக்கு ஆற்றாமை. ஆண்டுக்காண்டு யாராவது இதைச் செய்கிறார்கள்.

பிளான் இப்படி இருக்கும்: காலை மெரினா, அப்புறம் சோழமண்டலம், அப்புறம் முதலைப் பண்ணை, மாமல்லபுரம், வரும்போது வண்டலூர். சோழமண்டலத்துக்கு நேரே "30 நிமிடம்" என்று போட்டிருக்கும். கேட்டால், "மாமல்லபுரம் போற வழிதான அண்ணாச்சி, இறங்கிப் பாத்துட்டுப் போயிரலாம்லா" என்பார்கள். அறுநூறு கிலோமீட்டர் தாண்டி, இரண்டு இரவைத் தூக்கமில்லாமல் கழித்து, பெற்றோரிடம் பணம் வாங்கிப் போவது எதைப் பார்க்க? கேட்பவர்களுக்குச் "சோழமண்டலம்" என்று சொல்லிவிட்டு அதற்கு அரை மணி நேரம் கொடுப்பது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம்.

அம்பாசமுத்திரம் பக்கத்துப் பிள்ளைகள் போன ஒரு பயணத்தில் நானும் கூடப் போயிருந்தேன். வேன் போய் நிற்கும்போதே மணி பன்னிரண்டு. திறந்தவெளியில் நிற்கும் சிற்பங்களைப் பார்த்ததும் எல்லோரும் அங்கேயே குரூப் போட்டோ எடுக்க ஆரம்பித்தார்கள். அதிலேயே பாதி நேரம் போயிற்று. உள்ளே ஒருவர் முதுகை ஒருவர் தொட்டபடி வரிசையாக ஒரு சுற்று. ஒரு பெண்பிள்ளை மட்டும், சோழமண்டலத்தை உருவாக்கிய ஓவியர் கே. சி. எஸ். பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை ஓவியம் ஒன்றின் முன்னால் நின்றுவிட்டாள். "சார், இது என்ன எழுத்து? ஜாதகம் மாதிரி கட்டம் போட்டிருக்கு, ஆனா படிக்க வரமாட்டேங்கு" என்றாள். அந்தப் பயணத்தில் யாரும் கேட்ட ஒரே நல்ல கேள்வி அதுதான். பதில் சொல்ல வாயெடுத்தபோது வெளியே டிரைவர் ஹாரன் அடித்தார். பிள்ளை ஓடிவிட்டாள். மாமல்லபுரத்தில் வெயிலில் சுருண்டு, வண்டலூருக்குப் போகும்போது கேட்டை மூடியிருந்தார்கள்.

அந்தக் கேள்விக்கு அங்கேயே நின்று பதில் சொல்லியிருக்க வேண்டும். அது படிப்பதற்கான எழுத்தே இல்லை. மலையாள எழுத்து போலத் தோன்றும், கணக்குக் குறி போலத் தோன்றும், ஓலையில் எழுதிய ஜாதகக் கட்டம் போலவும் தோன்றும். கிட்டப் போனால் எதுவும் வார்த்தையாகச் சேராது. எழுத்தின் உருவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு படம் செய்திருக்கிறார். 1960-களில் தொடங்கிய வரிசை இது. ஐரோப்பிய ஓவியத்தைப் பின்தொடர்வதை விட்டு, நம் வீட்டுப் பரணில் கிடக்கிற ஏட்டிலிருந்தே நவீன ஓவியம் பிறக்கலாம் என்று காட்டியது. ஜாதகக் கட்டத்தைப் பார்த்து வளர்ந்த அம்பாசமுத்திரத்துப் பிள்ளைக்கு அது தானாகவே பிடிபட்டது. இன்னும் பத்து நிமிடம் கொடுத்திருந்தால் அவளே மற்றவர்களுக்குச் சொல்லியிருப்பாள்.

சிற்பி பி. வி. ஜானகிராமின் தகட்டுச் சிற்பங்களும் அப்படித்தான். செப்புத் தகட்டைத் தட்டி, கம்பியை ஒட்டிக் கோடு இழுத்து, முன்பக்கத்தை மட்டும் பார்க்கச் சொல்லும் உருவங்கள். சாமிக்குச் சாத்தும் கவசத்தையும் திருவாசியையும் நெல்லையப்பர் கோயிலில் நின்று பார்த்த பிள்ளைக்கு இதற்குத் தனியாக விளக்கம் வேண்டாம், பார்க்க நேரம்தான் வேண்டும். தகட்டில் சுத்தியல் பட்ட தடம் ஒவ்வொன்றும் தெரியும். பக்கவாட்டில் நின்று பார்த்தால் வெளிச்சம் அந்தத் தடத்தில் நிற்பது தெரியும். வரிசையில் நகர்ந்துகொண்டே இதைப் பார்க்க முடியாது.

அதனால் பிளானில் முதலில் எழுத வேண்டியது சோழமண்டலத்தின் நேரம். காலையில் திறந்ததும் உள்ளே போய் மதியம் வரை. முதல் சுற்றில் செல்போன் பைக்குள். ஒவ்வொரு பிள்ளையும் தனக்குப் பிடித்த, அல்லது பிடிக்கவே பிடிக்காத, ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து அதன் முன்னால் இருக்கட்டும். பென்சிலும் ஸ்கெட்ச் புக்கும் போதும், கலர் டப்பா வேண்டாம். இரண்டாவது சுற்றில் அவரவர் படத்தை மற்றவர்களுக்குக் காட்டிப் பேசட்டும். போட்டோ எல்லாம் அதற்கு அப்புறம். திறக்கும் நேரத்தை முந்தின நாளே போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். மாமல்லபுரத்துக்கு இன்னொரு தடவை போகலாம், அது ஆயிரத்து முந்நூறு வருடமாக அங்கேயேதான் இருக்கிறது.

ஒன்றும் சொல்லாமல் கூட்டிப்போவது

முந்தின வாரம் ஒரு வகுப்பு இதற்காக ஒதுக்குங்கள். 1850-ல் தொடங்கிய சென்னை ஓவியப் பள்ளி, மெரினாவின் உழைப்பாளர் சிலையைச் செய்த ராய் சௌத்ரி அங்கே முதல்வராக இருந்தது, அவரிடம் படித்த கே. சி. எஸ். பணிக்கர் பின்னால் அதே நாற்காலிக்கு வந்தது, இவற்றைச் சொல்லுங்கள். முக்கியமாகச் சோழமண்டலம் உருவான 1966-ஐச் சொல்லுங்கள். ஓவியம் விற்றுப் பிழைக்க முடியாத காலத்தில் பணிக்கரும் மாணவர்களும் மெழுகு வைத்துச் சாயம் போடும் பாத்திக் துணி செய்து விற்ற காசைச் சேர்த்துத்தான் அந்தக் கடலோர மண்ணை வாங்கினார்கள். படம் வரைந்தால் சோறு கிடைக்குமா என்று வீட்டில் கேட்கப்படுகிற பிள்ளைகளுக்கு இந்தக் கதை மிக அவசியம். அங்கே மாட்டியிருப்பது, சென்னை ஓவிய இயக்கம் என்று சொல்லப்படும் அந்தத் தலைமுறையின் வேலை. ஆதிமூலம், தனபால், ரெட்டப்ப நாயுடு என்று நாலு பேரையாவது தெரிந்துகொண்டு போனால் சுவரில் பெயரைப் பார்த்ததும் கண் நிற்கும்.

விடுமுறை நாள்

கூடவே வேறு இடம் சேர்ப்பதானால் விடுமுறை நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளி. கிழக்குக் கடற்கரைச் சாலையில் தென்னிந்தியக் கலை, கைவினைகளைக் காட்டும் தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய்.

மதியத்துக்கு மேல் என்ன செய்வது என்று யோசிக்காமல் விடுவது

சோழமண்டலத்தோடு ஒரே ஓர் இடம் சேர்க்கலாம். என் தேர்வு எழும்பூர் அருங்காட்சியகம், ஏனென்றால் இரவு வண்டி அங்கிருந்துதான். 1851-ல் தொடங்கியது. செப்புத்திருமேனிக் கூடத்துக்கு நேரே போங்கள். காலையில் ஜானகிராமைப் பார்த்த கண்ணோடு சோழர் கால நடராசரைப் பார்ப்பது வேறு விதமாக இருக்கும். மாலை 5 மணிக்கு மூடிவிடுவார்கள், அதனால் 2 மணிக்குள் ஈஞ்சம்பாக்கத்தை விட்டுக் கிளம்பிவிடுங்கள்.

பெரியவர்கள் முந்திக்கொள்வது

பிள்ளை படத்தின் முன் நிற்கும்போது, அதுவாகக் கேட்கும் முன்னால் அர்த்தம் சொல்லாதீர்கள்.

சின்னப் பிள்ளைகளை இரண்டு இரவு வண்டியில் இழுப்பது

பத்து வயதுக்குக் கீழே இருந்தால் திருவனந்தபுரம் போங்கள். நாகர்கோவில், மார்த்தாண்டம் வழியாகப் பஸ்ஸிலேயே காலையில் போய் இரவு வீடு திரும்பலாம். நேப்பியர் மியூசிய வளாகத்தில் 1935-ல் திறந்த ஸ்ரீ சித்ரா ஓவியக் கூடம் இருக்கிறது. ரவி வர்மா ஓவியங்களுக்கு 2023-ல் தனிக் கட்டடமும் திறந்திருக்கிறார்கள். அங்கே திங்கள் விடுமுறை, புதனன்று மதியத்துக்கு மேல்தான் திறப்பார்கள்.