கணுக்கால் முறிவு அறுவைக்குப் பிறகு நோயாளி எவ்வளவு தேறினார்? அளக்கும் முறை

எக்ஸ்ரேயில் பிளேட்டும் ஸ்க்ரூவும் அழகாக உட்கார்ந்திருக்கும். ஆனால் அந்த நோயாளிக்கு மாடிப்படி இறங்க முடியாது. எலும்பு கூடியதா என்பது ஒரு கேள்வி, ஆள் தேறினாரா என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்கு நோயாளியிடம்தான் பதில் இருக்கிறது. அதை ஒழுங்காகக் கேட்டு வாங்க வேண்டும்.

கணுக்கால் முறிவுக்கென்றே 1984-இல் வந்த ஓலருட்–மொலாண்டர் மதிப்பெண்ணிலிருந்து தொடங்குங்கள். ஒன்பதே கேள்விகள், மொத்தம் 100. வலிக்கு 25, வேலை மற்றும் அன்றாட நடமாட்டத்துக்கு 20. விறைப்பு, வீக்கம், படியேறுதல், ஊன்றுகோல் அல்லது கட்டின் துணை ஆகிய நான்குக்கும் தலா 10. ஓடுதல், குதித்தல், குந்துதல் மூன்றுக்கும் தலா 5.

ஒரு கணக்கு: மேடுபள்ளத்தில் நடந்தால் மட்டும் வலி (20), விறைப்பு உண்டு (0), மாலையில் மட்டும் வீக்கம் (5), படியேறச் சிரமம் (5), ஓடவோ குதிக்கவோ குந்தவோ முடியவில்லை (0), துணை எதுவும் வேண்டாம் (10), பழைய வேலைதான், ஆனால் வேகம் குறைவு (15). கூட்டினால் 55. 31 முதல் 60 வரை 'சுமார்' என்ற வகையில் வரும். வகையின் பெயரை மட்டும் எழுதி எண்ணை விட்டுவிடாதீர்கள். 61-உம் 90-உம் ஒரே 'நன்று'க்குள் அடங்கிவிடும். ஒரே ஆளிடம் ஓரிரு புள்ளி கூடினால் அதை முன்னேற்றம் என்று எழுத வேண்டாம். 10 புள்ளி அளவுக்கு மாறினால்தான் நோயாளியே உணரும் மாற்றம் என்று கொள்ளலாம்.

முதல் அளவை வார்டிலேயே, முதல் வாரத்துக்குள் எடுங்கள். "அடிபடுவதற்கு முந்தின வாரம் எப்படி இருந்தீர்கள்?" என்று கேட்டு அதே ஒன்பதையும் நிரப்புங்கள். முழங்கால் தேய்மானமுள்ள 65 வயது அம்மா விழுவதற்கு முன்பும் ஓடியிருக்க மாட்டார். அவருடைய உச்சம் 100 அல்ல. மாதங்கள் கழித்துக் கேட்டால் பழைய கால் எப்போதும் நன்றாக இருந்ததாகவே நினைவில் நிற்கும். பிறகு 6 வாரம், 3 மாதம், 6 மாதம், 12 மாதம். பெரும்பகுதி முன்னேற்றம் முதல் ஆறு மாதத்துக்குள் வந்துவிடுவதால் 3, 6 மாத அளவுகளைத் தவறவிடக் கூடாது.

கேட்பவர் அறுவை செய்த மருத்துவராக இருக்கவே கூடாது. "நல்லா இருக்கா?" என்று டாக்டர் கேட்டால் நம் ஊரில் "நல்லா இருக்கு சார்" என்றுதான் பதில் வரும். பிசியோதெரபிஸ்டோ பயிற்சி பெற்ற வேறொருவரோ வரிகளை அப்படியே வாசித்துக் கேட்கட்டும். தமிழ் வரிகளை ஒரு முறை எழுதி, இன்னொருவரை விட்டுத் திரும்ப ஆங்கிலமாக்கி, மூலத்தோடு ஒப்பிட்டு, சில நோயாளிகளிடம் புரிகிறதா என்று பார்த்த பிறகு பூட்டிவிடுங்கள். ஆளுக்கு ஆள் வாய்க்கு வந்தபடி மொழிபெயர்த்தால் எண்கள் ஒப்பிட உதவாது.

இந்த அளவுகோலில் சம்மணமிடுவதோ தரையிலிருந்து எழுவதோ இல்லை. குந்துவதற்கும் 5 புள்ளிதான். இந்தியக் கழிப்பறையை நம்பியிருப்பவருக்கு அந்த 5 ஒரு நாளின் பெரும் கவலை. இவற்றைத் தனியாக 'முடியும், சிரமப்பட்டு முடியும், முடியாது' என்று கேட்டுத் தனிப் பத்தியில் எழுதுங்கள். 100-க்குள் சேர்த்தால் மற்றவர்களின் எண்களோடு ஒப்பிட வழியில்லை.

முழு எடை ஊன்ற அனுமதித்த பிறகு, கணுக்கால் எவ்வளவு மடங்குகிறது என்று அளக்கும் சுவர்ச் சோதனையையும் சேருங்கள். சுவரைப் பார்த்து நின்று, குதிகால் தரையில் ஒட்டியிருக்க, முழங்கால் சுவரைத் தொட வேண்டும். பாதத்தைச் சிறிது சிறிதாகப் பின்னே நகர்த்தி, தொட முடிகிற கடைசி இடத்தில் பெருவிரலுக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தைச் சென்டிமீட்டரில் குறியுங்கள். மூன்று முறை எடுத்துச் சராசரி, பிறகு நல்ல காலோடு ஒப்பீடு. இரண்டு இடத்தில் பிழை வரும்: குதிகால் நூலளவு தூக்கும், அல்லது பாதம் உள்பக்கம் சரியும். இரண்டுமே தூரத்தைப் பொய்யாகக் கூட்டும். முழங்கால் இரண்டாம் விரலுக்கு நேரே போகிறதா என்று பாருங்கள்.

எக்ஸ்ரேயில் உள்பக்க மூட்டு இடைவெளி (உள்கணுக்கால் எலும்புக்கும் மூட்டின் அடி எலும்புக்கும் நடுவே உள்ளது) 4 மில்லிமீட்டரைத் தாண்டினாலோ, அதே அடி எலும்புக்கு மேலே உள்ள இடைவெளியைவிட அகன்றாலோ மருத்துவரிடம் சொல்லுங்கள். புண்ணில் சீழ், மறு அறுவை, உலோகம் எடுத்தது எல்லாம் தேதியோடு தனியே.

வராதவர்களைத் துரத்திப் பிடியுங்கள். 40 பேரில் 26 பேர் மட்டும் வந்தால், அந்த 26 பேரின் சராசரி 40 பேருடையது ஆகாது. ஒன்பது கேள்விகளையும் போனிலேயே கேட்டுவிடலாம், சுவர்ச் சோதனை மட்டும்தான் விடுபடும். சேர்க்கையின்போதே உறவினர் ஒருவரின் எண்ணையும் வாங்கி வையுங்கள். அறிக்கையில் சராசரிக்குப் பக்கத்திலேயே எத்தனை பேரில் எத்தனை பேர் என்றும், போனில் கேட்டவர்கள் எத்தனை பேர் என்றும் எழுதுங்கள்.