பூட்டியிருக்கிறது என்று திரும்பிவிடாதீர்கள்: கிராமத்துப் பழைய தேவாலயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்துக் கிராமங்களின் பழைய தேவாலயங்களைப் பார்க்கப் போகிற பலர் சாத்திய கதவைக் கண்டதுமே திரும்பிவிடுகிறார்கள். இரும்பு வளையத்தைத் திருகி, கொஞ்சம் அழுத்தித் தள்ளிப் பாருங்கள். நிஜமாகவே பூட்டியிருந்தால், சாவி எந்த வீட்டில் கிடைக்கும் என்று வாசல் மண்டபத்துப் பலகையில் எழுதியிருக்கலாம். உள்ளே போனதும் வலைக்கதவை மறக்காமல் சாத்துங்கள். உள்ளே சிக்கிக்கொள்ளும் பறவை தண்ணீரில்லாமல் செத்துப்போகும்.

ஆராதனை நடந்தால் பின்வரிசையில் உட்காருங்கள், இல்லையென்றால் வெளியே காத்திருங்கள். கேமராவோடு சுற்ற வேண்டாம். ஒரே குருவானவர் பல கிராமங்களைப் பார்த்துக்கொள்வதால், எல்லா ஞாயிறும் ஆராதனை இருக்கும் என்றும் எண்ண வேண்டாம்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது அவசரம். ஐந்து நிமிடத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, 'ஒன்றுமில்லை' என்று வெளியே வந்துவிடுகிறார்கள். இருட்டுக்குக் கண் பழகவே அந்த நேரம் போதாது! சர்ரேயில் உள்ள சால்டன் தேவாலயத்தின் மேற்குச் சுவரில் 1200ஆம் ஆண்டு வாக்கில் வரைந்த ஓவியம் இருக்கிறது. ஏணியில் ஆன்மாக்கள் ஏறுகின்றன, சில நரகத்தில் விழுகின்றன. நூற்றாண்டுகளாகச் சுண்ணாம்புக்குள் மறைந்திருந்து 19ஆம் நூற்றாண்டில்தான் வெளியே வந்தது. கேம்பிரிட்ஜ்ஷயரின் மார்ச் ஊர்த் தேவாலயத்தில் அண்ணாந்து பார்க்காவிட்டால், கூரையில் செதுக்கிய நூற்றுக்கும் மேற்பட்ட மரத் தேவதூதர்களைத் தவறவிடுவீர்கள். பைனாகுலர் கொண்டுபோங்கள்.

'12ஆம் நூற்றாண்டுக் கோவில்' என்று பலகை சொன்னால் முழுக் கட்டடத்துக்கும் அதே வயது என்று நினைத்துவிட வேண்டாம். அரைவட்ட வளைவு பெரும்பாலும் நார்மன் காலத்தது (11-12ஆம் நூற்றாண்டு), கூர்வளைவு அதற்குப் பிந்தியது. இரண்டும் ஒரே கட்டடத்தில் இருப்பது சகஜம். எந்தச் சுவரை எப்போது இடித்து நீட்டினார்கள் என்று தேடிப் பாருங்கள், கட்டடமே பேச ஆரம்பிக்கும்.

கல்லறை எழுத்தைப் படிக்கச் சாக்பீஸ் தேய்ப்பது, பாசியைச் சுரண்டுவது இரண்டும் கூடவே கூடாது. கல் பொரிந்துபோகும். டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடித்தால் போதும், எழுத்து தெரியும். இறந்தவர் நினைவாகப் பதித்த பித்தளைத் தகடுகளில் தாள் வைத்துத் தேய்த்துப் படியெடுக்க அனுமதி கேளுங்கள்.

அப்புறம், தரையில் வௌவால் எச்சம் கிடந்தால் பராமரிப்பே இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். அங்கே வௌவால்களைச் சட்டம் பாதுகாக்கிறது, நினைத்தபடி விரட்ட முடியாது.

நுழைவுக் கட்டணம் அநேகமாக இருக்காது. ஆனால் கூரை ஒழுகினால் பணம் திரட்டுவது அந்தச் சின்ன ஊரின் சபைதான். காணிக்கைப் பெட்டியில் ஏதாவது போடுங்கள். வருகையாளர் புத்தகத்திலும் ஒரு வரி எழுதுங்கள். நிதி கேட்டு விண்ணப்பிக்கும்போது, ஆட்கள் வந்துபோகிறார்கள் என்று காட்ட அது உதவும்.