விமான நிலையச் சாலை: முதலில் உயரம், பிறகு அகலம்

விமான நிலையத்துக்குப் போகும் சாலையை, நாலைந்து கிலோமீட்டர்தானே என்று சாதாரணச் சாலைபோல வரைந்துவிடாதீர்கள். கருவி வழித் தரையிறக்கம் (கருவிகளின் வழிகாட்டுதலில் விமானம் இறங்குவது) உள்ள பெரிய ஓடுபாதையின் முனையிலிருந்து 60 மீட்டர் தள்ளி, 50-க்கு 1 சரிவில் (50 மீட்டர் தூரத்துக்கு 1 மீட்டர் உயர்வு) ஒரு கற்பனைத் தளம் எழும்பும். எதுவும் அதை முட்டக் கூடாது. சாலையும் ஓடுபாதை மட்டத்திலேயே இருந்தால், தரையிறங்கும் பாதைக்குக் கீழே 12 மீட்டர் விளக்குக் கம்பத்தை 660 மீட்டருக்கு அப்பால்தான் நடலாம். மேம்பாலம் என்றால் பாலத்தின் உயரத்தையும் கூட்டுங்கள். கம்பத்தைக் கணக்கிட்டுவிட்டு, அதைத் தூக்கி நிறுத்தும் கிரேனை மறப்பதுதான் வழக்கமான கோளாறு.

வாகன நெரிசலை விமானம் புறப்படும் நேரத்தை வைத்துக் கணக்கிடாதீர்கள். பயணிகள் இரண்டு மூன்று மணி நேரம் முன்பே வருவார்கள். ஊழியர்களின் ஷிப்ட் மாற்றத்தையும் சேருங்கள். முனையத்துக்குச் சாலை பிரியும் இடத்தைத் தவறவிட்டவர் சுற்றித் திரும்ப ஒரு வழி கட்டாயம். இல்லாவிட்டால் ரிவர்ஸில்தான் வருவார்.