கெர்னலுக்கு வெளியே பராமரிக்கப்படும் டிரைவர்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இயங்குதளத்தின் மையமான லினக்ஸ் கெர்னல், பயனர் நிரல்கள் அதனிடம் சேவை கேட்க நம்பியிருக்கும் சிஸ்டம் கால்களை உடைக்காமல் காப்பதில் மிகவும் கண்டிப்பானது. தன் உட்புற இடைமுகங்களைப் பற்றியோ அது எந்த உறுதியும் தருவதில்லை. கெர்னலின் மூல மரத்துக்குள் (மூல நிரல் தொகுப்புக்குள்) இருக்கும் டிரைவர்களை, அதாவது வன்பொருளை இயக்கும் நிரல்களை, இடைமுகத்தை மாற்றுபவரே திருத்திவிடுவது வழக்கம். வெளியே இருக்கும் மாட்யூலுக்கு (தேவைப்படும்போது கெர்னலில் ஏற்றப்படும் நிரல் துண்டுக்கு) அந்தச் சலுகை கிடையாது. அதன் பராமரிப்பாளர்தான் ஒவ்வொரு பதிப்பையும் துரத்திப் பிடிக்க வேண்டும்.

இந்தத் துரத்தலில் மிகுதியாகக் காணப்படும் தவறு, பதிப்பு எண்ணை அப்படியே நம்புவது. கெர்னல் 5.6-இல் ப்ராக் கோப்புகளுக்கென (கெர்னல் தகவல்களைக் காட்டும் /proc கோப்புகளுக்கென) தனி ஸ்ட்ரக்சர் (தரவுக் கட்டமைப்பு) வந்தது, 6.4-இல் கிளாஸ் கிரியேட் ஃபங்ஷன் ஓர் அளபுருவை இழந்தது என்று பட்டியலிட்டு, அந்த எண்களை நிபந்தனைகளாக எழுதிவிடுகிறார்கள். தூய கெர்னலில் இது செல்லும். ஆனால் ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 8-இன் கெர்னல் 4.18 என்றே தன்னைச் சொல்லிக்கொண்டாலும், பிந்தைய பதிப்புகளின் மாற்றங்கள் பல அதற்குள் கொண்டுவரப்பட்டிருக்கின்றன. எண் பழையது, இடைமுகம் புதியது. நிபந்தனை தவறான கிளையில் போய் விழுகிறது. ஓப்பன் இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமைத் திட்டம் செய்வதைப் போல, இலக்குக் கெர்னலின் ஹெடர்களோடு (இடைமுக அறிவிப்புக் கோப்புகளோடு) ஒரு சிறு சோதனை நிரலைத் தொகுத்துப் பார்த்து, தொகுப்பு வென்றால் அந்த இடைமுகம் உண்டு என்று முடிவெடுப்பதே நம்பகமான வழி. பில்ட் நேரம் கூடும் என்பது உண்மைதான், ஆனால் அது சகித்துக்கொள்ளத் தக்க விலை.

ஒவ்வொரு புதிய கெர்னலுக்கும் மாட்யூலைத் தானாக மறுதொகுக்கும் டிகேஎம்எஸ் (DKMS) வழியாக வெளியிடுவோர், தொகுப்பு விதிகளைக் கொண்ட மேக்ஃபைலில், ஓடும் கெர்னலின் எண்ணைச் சொல்லும் யூநேம் கட்டளையை எழுதிவைப்பது இன்னொரு பொறி. கெர்னல் புதுப்பிப்பு நிறுவப்படும் வேளையில் ஓடிக்கொண்டிருப்பது பழைய கெர்னல். அதன் எண்ணைத்தான் யூநேம் சொல்லும். புதிய கெர்னலுக்கு உருவாக வேண்டிய மாட்யூல் பழையதற்கே உருவாகி, மறுதொடக்கத்திற்குப் பின் "இன்வேலிட் மாட்யூல் ஃபார்மட்" என்று நிற்கும். டிகேஎம்எஸ் தரும் கெர்னல்வெர் மாறியையே மேக்ஃபைலுக்கு அனுப்ப வேண்டும். அந்தப் பிழையைக் கண்டதும் மாட்யூலை ஏற்றும் மாட்ப்ரோப் கட்டளையை வலுக்கட்டாய விருப்பத்தோடு இயக்குபவர்கள், பொருந்தாமையைத் தடுக்கவே வைக்கப்பட்ட சோதனையைத் தாங்களே அணைக்கிறார்கள்.

இதே மனப்போக்குதான் தொகுப்பியின் எச்சரிக்கையை ஒரு காஸ்ட் (கட்டாய வகைமாற்றம்) போட்டு வாயடைப்பதிலும் தெரிகிறது. மேலே சொன்ன ப்ராக் ஸ்ட்ரக்சரின் உறுப்பு வரிசையும் பழைய ஃபைல் ஆபரேஷன்ஸ் ஸ்ட்ரக்சரின் வரிசையும் வேறு. காஸ்ட் போட்டால் தொகுப்பு முடிந்துவிடும்; கோப்பைத் திறக்கும்போது, திறப்பதற்கான ஃபங்ஷன் இருக்க வேண்டிய இடத்தில் கிடக்கும் வேறு சுட்டியைக் கெர்னல் அழைக்கும்.

மாட்யூல்களின் பயன்பாட்டுக்கு ஏற்றுமதி செய்யப்படாத சிம்பல்களை (கெர்னலின் ஃபங்ஷன், மாறிப் பெயர்களை), பெயரைக் கொண்டு முகவரி தேடித் தரும் கால்சிம்ஸ் தேடல் ஃபங்ஷன் வழியாக எடுத்துக்கொள்ளும் பழக்கத்துக்கு 2020-இல் வந்த 5.7 முற்றுப்புள்ளி வைத்தது. அந்த ஃபங்ஷனே இப்போது மாட்யூல்களுக்குக் கிடைப்பதில்லை. கையொப்பமிட்ட நிரல்களை மட்டுமே துவக்கத்தில் அனுமதிக்கும் செக்யூர் பூட் இயங்கும் கணினிகளில், பயனர் தன் மாக் சாவியை (MOK, கணினி உரிமையாளரின் கையொப்பச் சாவியை) பதிவுசெய்து மாட்யூலுக்குக் கையொப்பமிடும் முறையை நிறுவல் குறிப்பிலேயே எழுதிவிடுங்கள். செக்யூர் பூட்டை அணைத்துவிடச் சொல்வது தீர்வாகாது.

வெளி மாட்யூல் ஏற்றப்பட்டதும் கெர்னலில் "ஓ" (O) என்ற கறைக்குறி, அதாவது வெளி நிரல் ஏறியதைக் காட்டும் அடையாளம், விழும், மாட்யூலை அகற்றினாலும் அது போகாது. ஆகவே கெர்னல் பிழை ஒன்றைப் புகாரளிக்கும் முன், கணினியை மறுதொடக்கம் செய்து, மாட்யூலை ஒருமுறையும் ஏற்றாத நிலையில் அதே பிழை மீண்டும் தோன்றுகிறதா என்று பார்க்கும்படி உங்கள் பயனர்களுக்குச் சொல்லுங்கள்.