காது கேக்காத பொண்ணு அடி வாங்கிட்டு உதவி கேட்டு வந்தா என்ன செய்யணும்

தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறை பக்கம் சகி சென்டர்லயோ (வன்முறைக்கு ஆளான பொண்ணுங்களுக்கு உதவுற அரசு மையம்) மகளிர் போலீஸ் ஸ்டேஷன்லயோ வேலை பாக்குறவங்களுக்கும், மகளிர் குழு அக்காங்களுக்கும் தான் இது. முதல்ல, கூட வந்தவங்கள வச்சு அவகிட்ட பேசாதீங்க. புருஷன் வேணாம், மாமியார் வேணாம், அவ பிள்ளை வேணவே வேணாம். அப்பா அடிச்சத பத்து வயசு பையன் வாயால சொல்ல வைக்கிறது பெரிய கொடுமைங்க, அதோட அவன் பயந்து பாதிய முழுங்கிருவான்.

மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல ஆபீஸ்லயும் காதுகேளாதோர் ஸ்கூல்லயும் இப்பவே கேட்டு சைகை மொழிபெயர்ப்பாளர் நம்பர் வாங்கி வைங்க, ராத்திரி அவ வந்து நிக்கும்போது தேடக்கூடாது. ஆனா உள்ளூர்ல காது கேக்காதவங்க ஒருத்தருக்கொருத்தர் தெரிஞ்சவங்களா தான் இருப்பாங்க, வர்றவர் புருஷனுக்கே பிரண்டா இருக்கலாம், அதனால கும்பகோணத்து கேஸுக்கு சென்னையிலேர்ந்து ஒருத்தர வாட்ஸாப் வீடியோ கால்ல எடுங்க, ஆள காட்டி அவ சரின்னு தலையாட்டினப்புறம் ஆரம்பிங்க.

பள்ளிக்கூடமே போகாத பொண்ணா இருந்தா வீட்டாளுங்களோட பேச தானா உண்டாக்கிக்கிட்ட வீட்டு சைகை மட்டும் தான் தெரியும், பேப்பர நீட்டி எழுதுன்னா என்ன எழுதுவா? அந்த சைகைய புரிஞ்சுக்க, காது கேக்காத இன்னொரு அக்காவ மொழிபெயர்ப்பாளரோட சேத்து உக்கார வைங்க. என்னைக்கு நடந்துச்சுன்னு கேக்க பொங்கல், நடவு, அறுப்புன்னு படம் காட்டினா சட்டுன்னு புரியும். அவசரப்படுத்தாதீங்க, ரெண்டு மடங்கு நேரம் ஆகும், ஆகட்டும்.

கரண்ட் இல்லாத நேரம் வீட்டுக்குப் போனா டார்ச்ச அவ மூஞ்சில அடிக்காதீங்க, உங்க மூஞ்சியிலயும் கையிலயும் அடிச்சு காட்டுங்க. அவ கையப் பிடிச்சு இழுக்கவும் கூடாது, கைய பிடிச்சா அவளால எதுவுமே சொல்ல முடியாது.

அடி மட்டும் கேக்காம ஹியரிங் எய்ட உடைச்சாங்களா, போன பிடுங்கினாங்களா, உரிமைத்தொகை வர்ற ஏடிஎம் கார்டு யார் கையில இருக்குன்னும் கேளுங்க. 2005 குடும்ப வன்முறை சட்டத்துல பணத்த முடக்குறதும் வன்முறை தான், அந்த சட்டப்படி இருக்குற பாதுகாப்பு அலுவலர் எழுதுற ரிப்போர்ட்ல அதுவும் வரணும். கையெழுத்து வாங்குறதுக்கு முன்னாடி முழுசையும் சைகையில திருப்பி சொல்லிக் காட்டுங்க.

கோர்ட்ல பேச முடியாதேன்னு அவ வீட்டாளுங்க பின்வாங்குவாங்க. எழுதியோ சைகையிலயோ சாட்சி சொல்லலாம், 2023 சாட்சிய சட்டத்துல 125வது பிரிவு, மொழிபெயர்ப்பாளர் வச்சு வீடியோவும் எடுக்கணும்.

மகளிர் உதவி நம்பர் 181க்கு போன் பண்ணி பேச அவளால முடியாது, அதனால தமிழ்நாடு போலீஸோட காவல் உதவி ஆப்ப அவ போன்ல ஏத்தி, அவசரத்துக்கு அமுக்குற சிவப்பு பட்டன் எங்க இருக்குன்னு அவ விரலாலயே தொட்டுப் பாக்க வச்சு அனுப்புங்க.